முதியோருக்கான வெளிநாட்டுப் பயணக் காப்பீடு

முதியோருக்கான வெளிநாட்டுப் பயணக் காப்பீடு என்பது, 60 வயதைக் கடந்தவர்கள் வெளிநாட்டில் தங்கியிருக்கும் நாட்களில் திடீரென நோயுற்றாலோ விபத்துக்கு உள்ளானாலோ ஆகும் மருத்துவச் செலவை ஏற்கும் குறுகிய கால ஒப்பந்தம் ஆகும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் போன்றவற்றுக்கு ஏற்கெனவே மருந்து உட்கொள்பவர்களுக்கு இக்காப்பீடு கிடைக்காது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பெரும்பாலானவர்களுக்குப் பாலிசி கிடைத்துவிடுகிறது. வாங்கிய பாலிசி அந்த நோயால் வரும் அவசரத்துக்குப் பணம் தருமா என்பதில்தான் சிக்கல் எழுகிறது. எனவே மலிவான பாலிசி எது என்பதைப் பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. மருத்துவமனையில் சேர நேர்ந்தால் கையில் இருந்து எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் உள்ள கோபிசெட்டிபாளையம் நெல், மஞ்சள், கரும்பு, தென்னை விளையும் வேளாண் வட்டாரம் ஆகும். கொங்கு நாட்டின் பிற ஊர்களைப் போலவே இங்கிருந்தும் படித்து வெளியேறிய பலர் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் பணிபுரிகின்றனர். மகள் அல்லது மருமகளின் பிரசவத்துக்கும், பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் பெற்றோர் சென்று சில மாதங்கள் தங்கி வருவது வழக்கமாகியுள்ளது. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேரடி விமானங்கள் உள்ளன. அமெரிக்கா, ஐரோப்பா செல்வோர் சென்னை, பெங்களூரு, கொச்சி ஆகிய ஊர்கள் வழியாகச் செல்கின்றனர்.

இவ்வாறு செல்பவர்களில் நாள்பட்ட நோய் எதுவும் இல்லாதவர்கள் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியிட்ட முடிவின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. வேளாண் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. நல்லாம்பட்டி என்னும் கொங்கு வேளாண் கிராமத்தில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடனோ அதற்கு முந்தைய நிலையிலோ இருந்ததாகக் கண்டது. உடலுழைப்பு மிகுந்த ஊரிலேயே நிலைமை இவ்வாறு இருப்பதால், பயணக் காப்பீடு எடுக்கும் முதியவர் தமக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொண்டு திட்டமிடுவதே பொருத்தமாகும்.

இந்தியாவில் வெளிநாட்டுப் பயணத்துக்கான மருத்துவக் காப்பீட்டைப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1984இல் 'ஓவர்சீஸ் மெடிக்கிளைம்' என்ற பெயரில் தொடங்கின. இன்று நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய 4 பொதுத்துறை நிறுவனங்களுடன் பல தனியார் நிறுவனங்களும் இவ்வகைப் பாலிசிகளை விற்கின்றன. இத்துறையை ஐதராபாத்தில் உள்ள இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் கண்காணிக்கிறது.

முன்பே இருக்கும் நோய்

பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்பே கண்டறியப்பட்ட, அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெறப்பட்ட நோய் 'முன்பே இருக்கும் நோய்' எனப்படுகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டில், 2024 ஏப்ரல் முதல் இந்நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள் ஆகும். அது முடிந்ததும் அந்நோய்க்கும் பாதுகாப்பு கிடைக்கும். ஆறு மாதப் பயணப் பாலிசியில் இவ்வாறு காத்திருக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் பாலிசி விதிகளில் இந்நோய்களை எவ்வாறு நடத்தும் என்று தனியே எழுதி வைக்கிறது. அவற்றைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் முன்பே இருக்கும் நோயும் அதனால் வரும் எந்தச் சிக்கலும் முழுமையாக விலக்கப்படும். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வந்தால், அது சர்க்கரை நோயின் விளைவு என்று கூறி நிறுவனம் பணம் தர மறுக்கக்கூடும். விலை மிகக் குறைந்த பாலிசிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகையில் நோய் விலக்கப்பட்டாலும், உயிருக்கு ஆபத்தான எதிர்பாராத நிலையில் உயிரைக் காக்கும் அவசரச் சிகிச்சைக்கு மட்டும் பணம் தரப்படும். இதற்குத் தனி உச்சவரம்பு இருக்கும். பாலிசியின் மொத்தக் காப்புத் தொகை 1 லட்சம் டாலராக இருந்தாலும், இந்த அவசரச் சிகிச்சைக்கான வரம்பு அதில் சிறு பகுதியாகவே இருக்கக்கூடும். நோயாளியின் நிலை சீரானதும் இப்பாதுகாப்பு நின்றுவிடும்.

மூன்றாம் வகையில் அறிவிக்கப்பட்ட நோய்களை நிறுவனம் ஆராய்ந்து, கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு அவற்றையும் ஏற்கிறது. நாள்பட்ட நோய் உள்ள முதியவருக்கு ஏற்றது இவ்வகையே.

எந்த வகையாயினும் வழக்கமான மாத்திரைகள், பரிசோதனைகள், தள்ளிப்போடக்கூடிய அறுவைச் சிகிச்சைகள் ஆகியவற்றுக்குப் பயணக் காப்பீடு பணம் தருவதில்லை. சிகிச்சை பெறுவதற்காகவே மேற்கொள்ளும் பயணமும், மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு செல்லும் பயணமும் பாதுகாப்புக்கு வெளியே உள்ளவை.

பிரீமியத்தை முடிவு செய்பவை

பிரீமியம் பின்வரும் காரணிகளைப் பொறுத்து மாறுகிறது.

வயது: 60, 70, 80 போன்ற வயது எல்லைகளைக் கடக்கும்போது பிரீமியம் ஏணிப்படிபோல் உயர்கிறது. சில நிறுவனங்கள் 70 அல்லது 80 வயதுக்கு மேல் பாலிசி தருவதில்லை. சில நிறுவனங்கள் வயது வரம்பின்றித் தருகின்றன. குறிப்பிட்ட வயதுக்கு மேல் இசிஜி, இரத்தச் சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகளும் மருத்துவரின் சான்றும் கேட்கப்படலாம்.

செல்லும் நாடு: நிறுவனங்கள் உலகை 'அமெரிக்கா, கனடா உட்பட', 'அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்று பிரித்துக் கட்டணம் வகுக்கின்றன. முதல் பிரிவில் கட்டணம் அதிகம்.

நாட்கள்: பிரீமியம் நாட்கணக்கில் அமைகிறது. 180 நாட்களுக்கு எடுக்கும் பாலிசி 90 நாட்களுக்கு எடுப்பதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும்.

காப்புத் தொகை: 50,000 டாலரில் இருந்து 5 லட்சம் டாலர் வரையிலும் அதற்கு மேலும் பாலிசிகள் உள்ளன. காப்புத் தொகை இரு மடங்காகும்போது பிரீமியமும் இரு மடங்காவதில்லை.

கழிவுத் தொகை: ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் பயணியே ஏற்க வேண்டிய தொகை இது. இதை உயர்த்தினால் பிரீமியம் குறையும்.

உள்வரம்பும் கையிருப்புச் செலவும்

முதியோர் பாலிசிகளில் பலரும் கவனிக்கத் தவறுவது உள்வரம்பு ஆகும். அறை வாடகை, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவைச் சிகிச்சை, மருத்துவர் கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் தருவோம் என்று நிறுவனம் வைக்கும் வரம்பே உள்வரம்பு. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் இத்தகைய வரம்பு வைக்கும் பாலிசிகளும் உள்ளன. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் காப்புத் தொகைக்கும் உண்மையில் கிடைக்கும் தொகைக்கும் இடையே உள்ள வேறுபாடு இதனால்தான் உண்டாகிறது.

இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். இரு பாலிசிகளுக்கும் காப்புத் தொகை 50,000 டாலர், கழிவுத் தொகை 100 டாலர் எனக் கொள்வோம். முதல் பாலிசியின் பிரீமியம் 20,000 ரூபாய். அதில் அறைக்கு நாளொன்றுக்கு 1,500 டாலர், அறுவைச் சிகிச்சைக்கு 10,000 டாலர் என்று உள்வரம்பு உண்டு. இரண்டாம் பாலிசியின் பிரீமியம் 38,000 ரூபாய், உள்வரம்பு இல்லை. மருத்துவமனை 3 நாள் அறைக்கு 12,000 டாலரும் அறுவைச் சிகிச்சைக்கு 30,000 டாலரும் சேர்த்து 42,000 டாலர் கேட்கிறது. முதல் பாலிசி அறைக்கு 4,500, அறுவைச் சிகிச்சைக்கு 10,000 எனக் கணக்கிட்டு, கழிவுத் தொகை போக 14,400 டாலர் தரும். மீதி 27,600 டாலரைக் குடும்பம் கட்ட வேண்டும். ஒரு டாலர் 85 ரூபாய் எனில் இது 23 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய். இரண்டாம் பாலிசியில் குடும்பம் கட்டுவது 100 டாலர் மட்டுமே. பிரீமியத்தில் மிச்சப்படுத்திய 18,000 ரூபாய்க்காக ஒரு விவசாயக் குடும்பம் நிலத்தை அடகு வைக்கும் நிலை இவ்வாறு உருவாகலாம்.

நாடுகளின் விதிகள்

அமெரிக்கா: சுற்றுலா விசாவில் செல்பவர்களுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை. அந்நாட்டு முதியோருக்கான மெடிகேர் திட்டம் பார்வையாளர்களுக்குப் பொருந்தாது. அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் செலுத்தும் வசதியைப் பாராமல், பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைகளைப் பணிக்கிறது. ஆனால் அச்சிகிச்சை இலவசமன்று. பில் பின்னர் வந்து சேரும். கட்டாயம் இல்லாத நாட்டிலேயே செலவு மிக அதிகம் என்பதால், காப்பீட்டின் தேவை இங்குதான் மிகுதி.

கனடா: பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் உரிய 'சூப்பர் விசா' 2011 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இதற்குக் குறைந்தது 1 லட்சம் கனடிய டாலர் காப்புத் தொகையுடன், நாட்டுக்குள் நுழையும் நாளில் இருந்து ஓராண்டு செல்லும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். கனடிய நிறுவனங்களின் பாலிசிகளையே ஏற்றுவந்த அந்நாடு, 2025 ஜனவரி முதல் தன் நிதி மேற்பார்வை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசிகளையும் ஏற்கிறது. கனடியப் பாலிசிகள் பலவற்றில் 'நிலைத்தன்மைக் காலம்' என்ற நிபந்தனை உண்டு. குறிப்பிட்ட மாதங்களுக்கு நோய் மாறுதலின்றி இருந்தால் மட்டுமே அது ஏற்கப்படும். பயணத்துக்கு முந்தைய மாதம் இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றியிருந்தால்கூட இந்நிபந்தனை முறியக்கூடும்.

ஐரோப்பா: செங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்புத் தொகை கட்டாயம். அவசரச் சிகிச்சை, நோயுற்றவரைத் தாயகம் அனுப்புதல், இறப்பு ஆகியவற்றை அது ஏற்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு கூறுகிறது. முன்பே இருக்கும் நோயை விலக்கும் பாலிசியும் விசா விண்ணப்பத்தில் ஏற்கப்படலாம். எனவே விசா கிடைத்ததை வைத்துப் பாதுகாப்பு போதுமானது என்று கருத இயலாது.

பிரிட்டன்: ஆறு மாதம் வரையிலான பார்வையாளர்களுக்கு அவசரப் பிரிவில் முதல் சிகிச்சை இலவசம். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டால் கட்டணம் உண்டு. அது அரசு மருத்துவச் சேவையின் அடக்க விலையில் 150 விழுக்காடாகும்.

சிங்கப்பூர்: மருத்துவமனைகளில் உள்நாட்டவர்க்கு உள்ள அரசு மானியம் பார்வையாளர்களுக்குக் கிடையாது. தூரம் குறைவு, பயண நாட்களும் குறைவு என்பதால் இங்குச் செல்வோர் காப்பீட்டைத் தவிர்ப்பதுண்டு. பிரீமியம் குறைவாக உள்ள நாடுகளில் ஒன்றாக இருப்பதால் அவ்வாறு தவிர்ப்பதில் பெரிய மிச்சம் இல்லை.

எங்கு வாங்குவது

அமெரிக்கா செல்வோர் இந்தியாவிலேயே வாங்கலாம். அல்லது பிள்ளைகள் அமெரிக்காவில் பார்வையாளர் காப்பீடு வாங்கித் தரலாம். இரண்டிலும் நிறை குறைகள் உள்ளன.

இந்தியப் பாலிசியின் பிரீமியம் ரூபாயில் செலுத்தப்படுகிறது. தகராறு எழுந்தால் இந்தியாவில் முறையிடலாம் என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் பயணம் இந்தியாவில் இருந்து தொடங்க வேண்டும் என்பதால் புறப்படும் முன்பே வாங்கியாக வேண்டும். உள்வரம்புகளும் மருத்துவப் பரிசோதனைத் தேவையும் உண்டு.

அமெரிக்கப் பாலிசிகளில் இரு வகை உள்ளன. ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகையை மட்டும் தருவது ஒன்று. இது விலை குறைவு, உள்வரம்பு கொண்ட பாலிசிக்கு நிகரானது. கழிவுத் தொகை போக மீதியைக் காப்புத் தொகை வரை ஏற்பது மற்றொன்று. இரண்டாம் வகையின் பல பாலிசிகள் முன்பே இருக்கும் நோயின் 'திடீர்த் தாக்குதலை' மட்டும் ஏற்கின்றன. முன் அறிகுறி ஏதுமின்றி வந்து, உடனே சிகிச்சை பெறப்பட்ட நிலையே திடீர்த் தாக்குதல் எனப்படும். இரு நாட்களாக நெஞ்சு வலித்தும் சொல்லாமல் பொறுத்திருந்த பெரியவருக்கு இப்பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். இதற்கு வயது வரம்பும், குறிப்பிட்ட வயதுக்கு மேல் குறைந்த தொகையும் உண்டு.

உள்நாட்டு மருத்துவக் காப்பீடுகள் சிலவற்றில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கான கூடுதல் பிரிவு உள்ளது. பல ஆண்டுகளாகப் புதுப்பித்து, நோய்க்கான காத்திருப்புக் காலத்தை முடித்தவர்கள் தம் பாலிசியில் இப்பிரிவு உள்ளதா, எந்த நாடுகளுக்குப் பொருந்தும் என்று முதலில் பார்ப்பது நல்லது.

பிரிட்டனில் 2021 முதல், நோயின் காரணமாகப் பாலிசி மறுக்கப்படுபவர்களையும் மிகுந்த கூடுதல் கட்டணம் கேட்கப்படுபவர்களையும், நோயாளிகளுக்குப் பாலிசி தரும் நிறுவனங்களின் பொதுப் பட்டியலுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது விதியாகும். இந்தியாவில் இப்பணியை முகவர்களும் தரகர்களும் ஒப்பீட்டு இணையதளங்களும் செய்கின்றனர். முகவர் தம் நிறுவனத்தின் பாலிசிகளையே விற்பார்; உரிமம் பெற்ற தரகர் பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுத் தர முடியும். பொதுத்துறை நிறுவனங்களுக்குக் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் அலுவலகங்கள் உள்ளன. ஒப்பீட்டுத் தளங்களில் நோய் குறித்த கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தால் திரையில் தோன்றும் விலை குறையும். ஆனால் அந்த விலையில் கிடைப்பது நோய்க்குப் பயன்படாத பாலிசி.

முன்மொழிவுப் படிவம்

காப்பீடு இரு தரப்பும் உண்மையை மறைக்காமல் நடந்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம் ஆகும். முன்மொழிவுப் படிவத்தில் எழுதப்படும் பதில்களே பின்னாளில் கோரிக்கையின் தலைவிதியை முடிவு செய்கின்றன. அப்படிவத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டில் உள்ள பிள்ளையோ ஊரில் உள்ள முகவரோ நிரப்புகிறார். பெற்றோர் அன்றாடம் எந்தெந்த மாத்திரை போடுகின்றனர் என்பது நிரப்புபவருக்கு முழுமையாகத் தெரிந்திருப்பதில்லை.

மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் நோயை நோயாகவே கருதாத பழக்கமும் உண்டு. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. மருத்துவமனைக்குச் செல்லாமல் கிடைப்பதால் இதைச் சிகிச்சையாக எண்ணாமல் விடுவது எளிது. காப்பீட்டு நோக்கில் இதுவும் சிகிச்சையே. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரை, தைராய்டு மாத்திரை ஆகியவையும் அவ்வாறே.

படிவத்தை நிரப்பும் முன் பின்வருவனவற்றைத் திரட்டி வைப்பது உதவும்:

1. உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் கொண்ட, மருத்துவர் கையெழுத்திட்ட பட்டியல்.
2. கடந்த சில ஆண்டுகளில் மருத்துவமனையில் தங்கியிருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி.
3. ஸ்டென்ட், பைபாஸ், கண் புரை, மூட்டு மாற்று உள்ளிட்ட அறுவைச் சிகிச்சைகளின் தேதிகள்.
4. அண்மைய இரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, இசிஜி முடிவுகள்.
5. பயணம் செய்ய உடல் தகுதி உள்ளது என்ற மருத்துவரின் சான்று.

எந்தக் கேள்வியையும் வெற்றிடமாக விடக் கூடாது. நிரப்பிய படிவத்தின் நகலையும், நோய்களை அறிவித்த மின்னஞ்சலையும் பாதுகாத்து வைக்க வேண்டும். பாலிசி வந்ததும் அதில் நோய்கள் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் புறப்படும் முன்பே திருத்தம் பெற வேண்டும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

நோயை அறிவிப்பதன் முக்கியத்துவத்தை உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் காட்டுகின்றன.

சத்வந்த் கவுர் சந்து எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் (2009), பாலிசி எடுத்தவர் நீண்ட காலச் சர்க்கரை நோயையும் சிறுநீரகச் செயலிழப்பையும் படிவத்தில் குறிப்பிடவில்லை. காப்பீடு தருவதா என்று முடிவு செய்வதற்கு இன்றியமையாத உண்மை மறைக்கப்பட்டது என்று கூறி, கோரிக்கையை நிறுவனம் நிராகரித்ததை நீதிமன்றம் ஏற்றது.

மன்மோகன் நந்தா எதிர் யுனைடெட் இந்தியா வழக்கு வெளிநாட்டுப் பயணக் காப்பீடு பற்றியது. 2009இல் ஓவர்சீஸ் மெடிக்கிளைம் பாலிசியுடன் அமெரிக்கா சென்றவருக்குச் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை அடைந்தபோது மாரடைப்பு ஏற்பட்டது. அவருக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. பாலிசி எடுக்கும்போதே அவர் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிவித்திருந்தார். மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. ஆயினும் சர்க்கரை நோயும் இரத்தக் கொழுப்பும் முன்பே இருந்தவை என்றும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை உட்கொண்டது சொல்லப்படவில்லை என்றும் கோரிக்கை மறுக்கப்பட்டது. தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தோற்ற அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதிகள் சந்திரசூட், நாகரத்னா ஆகியோர் 2021 டிசம்பர் 6 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். அறிவிக்கப்பட்ட நோயை மதிப்பிட்டுப் பாலிசி வழங்கிய பிறகு, அதே நோயைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது என்று அத்தீர்ப்பு கூறுகிறது. படிவத்தில் வெற்றிடமாக விடப்பட்ட பதிலை நிறுவனம் கேள்வி கேட்காமல் ஏற்றிருந்தால், பின்னர் அதை மறைப்பு என்று சொல்லவும் இயலாது.

இத்தீர்ப்பு முதியோருக்குப் பெரும் பாதுகாப்பு ஆகும். அதே வேளையில், 2009இல் நேர்ந்த மாரடைப்புக்கு நீதி கிடைக்க 12 ஆண்டுகள் ஆயின. ஒரு மாத்திரையின் பெயரைப் படிவத்தில் சேர்ப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே.

செலவைக் குறைக்கும் வழிகள்

பாதுகாப்பை இழக்காமல் பிரீமியத்தைக் குறைக்கச் சில வழிகள் உள்ளன.

கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிப் பாலிசிகளின் விலையையும் கூட்டுப் பாலிசியின் விலையையும் ஒப்பிடலாம். கூட்டுப் பாலிசியில் மூத்தவரின் வயது கட்டணத்தை உயர்த்தக்கூடும். ஒருவருக்கு இதய நோயும் மற்றவருக்கு எந்த நோயும் இல்லாமலும் இருந்தால், தனித்தனியாக எடுப்பது பெரும்பாலும் குறைந்த செலவில் முடியும்.

கழிவுத் தொகையை 100 டாலரில் இருந்து 500 டாலராக உயர்த்துவது, குடும்பம் தாங்கக்கூடிய சிறு இழப்பை ஏற்று, தாங்க முடியாத பெரிய இழப்பை நிறுவனத்திடம் விடுவதாகும். உள்வரம்பு உள்ள பாலிசியை எடுத்து மிச்சம் பிடிப்பது இதற்கு நேர் எதிரானது.

பெட்டி தொலைதல், விமானத் தாமதம் போன்றவற்றுக்கான இணைப்புகளை விலக்கலாம். ஆனால் நோயுற்றவரைத் தாயகம் அழைத்து வருவதற்கும், இறக்க நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டு வருவதற்கும் உரிய பிரிவுகளை விலக்கக் கூடாது.

திரும்பும் தேதி உறுதியாகத் தெரியாதபோது, நீட்டிக்க வழியுள்ள பாலிசியை எடுக்கலாம். காலம் முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடையில் கோரிக்கை எழுந்திருந்தால் நீட்டிப்பு மறுக்கப்படலாம் என்பதால், நோய் உள்ளவர்கள் முழுக் காலத்துக்கும் முதலிலேயே எடுப்பது பாதுகாப்பானது. விசா மறுக்கப்பட்டால், பயணம் தொடங்கும் முன் பாலிசியை ரத்து செய்து சிறு பிடித்தத்துடன் பணம் திரும்பப் பெறும் வசதி பல பாலிசிகளில் உண்டு.

பயணம் முழுமைக்கும் தேவையான மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் ஊரிலேயே வாங்கிச் செல்வதும் ஒரு வகைச் சிக்கனம்தான். மாத்திரை தீர்ந்து சில நாள் விட்டுப்போவதே பல அவசரங்களுக்குத் தொடக்கமாக அமைகிறது.

உள்நாட்டுப் பயணங்கள்

காசி, இராமேசுவரம், கேதார்நாத் என உள்நாட்டில் யாத்திரை செல்வோருக்குத் தேவைகள் வேறு. நடப்பில் உள்ள உள்நாட்டு மருத்துவக் காப்பீடு இந்தியா முழுவதும் செல்லும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கத்தை 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கியது. இத்திட்டம் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பொருந்தாது.

ஐஆர்சிடிசி தளத்தில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது 45 பைசாவுக்குக் கிடைக்கும் காப்பீட்டை மருத்துவக் காப்பீடு என்று பலர் எண்ணுகின்றனர். அது ரயில் விபத்தில் ஏற்படும் இறப்பு, ஊனம், காயம் ஆகியவற்றுக்கு மட்டுமே. ஓடும் ரயிலில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் அதில் பணம் கிடைக்காது.

அவசரத்தின்போது செய்ய வேண்டியவை

பாலிசியில் 24 மணி நேர உதவி எண் அச்சிடப்பட்டிருக்கும். மருத்துவமனையில் சேர்ந்தவுடன், அல்லது பாலிசி குறிப்பிடும் கால அளவுக்குள், அந்த எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டியே தெரிவித்தால் நிறுவனமே மருத்துவமனையுடன் பேசி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய முடியும். தாமதித்தால் முதலில் கையில் இருந்து கட்டிப் பின்னர் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

உதவி எண், பாலிசி எண், நோய்களின் பெயர், மாத்திரைப் பட்டியல், ஒவ்வாமை ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு தாளை முதியவர் எப்போதும் உடன் வைத்திருப்பது நல்லது. பிள்ளைகள் வேலைக்குச் சென்ற நேரத்தில், மொழி தெரியாத ஊரில், அத்தாள் அவருக்காகப் பேசும். மருத்துவமனை தரும் எல்லா பில்களையும் அறிக்கைகளையும் திரும்பும் முன்பே பெற்றுக்கொள்ள வேண்டும். நோய் எப்போது தொடங்கியது என்று மருத்துவமனை எழுதும் குறிப்பு முக்கியமானது. தவறாக எழுதப்பட்டிருந்தால் அங்கேயே திருத்தக் கேட்க வேண்டும்.

குறைதீர்ப்பு

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். காப்பீட்டு ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கோபிசெட்டிபாளையம் உள்ளிட்ட தமிழ்நாட்டுப் பகுதிகளுக்கு இவ்வலுவலகம் சென்னையில் உள்ளது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை இது விசாரிக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

மற்றொரு வழி நுகர்வோர் ஆணையம் ஆகும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கிருந்தாலும் நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். எனவே கோபிசெட்டிபாளையத்தில் வசிப்பவர் ஈரோடு மாவட்ட ஆணையத்தை நாடலாம். வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். இவ்விரு இடங்களிலும் முதலில் கேட்கப்படும் ஆவணங்கள் பாலிசியும் முன்மொழிவுப் படிவத்தின் நகலும் மறுப்புக் கடிதமும் ஆகும்.